டிவி தின்ற ஓரம்

அண்ணனுக்குத் தலை இல்லை. கழுத்து வரைக்கும் இருக்கிறார், வெள்ளைச் சட்டை இருக்கிறது, சட்டைப் பையில் செருகிய பேனாகூட இருக்கிறது, அதற்கு மேலே டிவி முடிந்துவிடுகிறது. தாராபுரம் பஸ் வருவதற்குள் இந்தத் தலையை எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நங்கை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார், அவர் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயம், திட்டினால் பரவாயில்லை, திட்டு வாங்கி வாங்கிப் பழகிய காது இது. நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, பழனியம்மாள். அண்ணன் அவருடைய புருஷன் நாச்சிமுத்து, முறைக்கு எனக்கு அண்ணன், போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டார். போய்ச் சேர்ந்தவரை இன்றைக்கு ஒரு தரம் நடக்க வைத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் வேலை, அதற்குத்தான் காலையிலிருந்து இந்த ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அடுப்பில் குக்கர் விசில் அடிக்கமாட்டேன் என்கிறது. வெயிட் போட்டேனா? போட்டேன். போட்ட மாதிரிதான் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், போனால் படம் ஓடிவிடும், நிறுத்திவிட்டுப் போகலாம், நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்குமோ என்னவோ, போன வாரம் அப்படித்தான் பந்தக்கால் நடுவதிலிருந்து பார்த்தேன். நங்கை போனில் சொன்னது காதிலேயே நிற்கிறது. "மாட்டியிருக்கற போட்டோவுல இருக்கறது அவுங்களாட்டவே இல்லீ சுலோ. ரேஷன் கார்டுக்கு எடுத்தத பெருசு பண்ணிப்போட்டாங்க, யாரோ போலீஸ்காரனாட்ட மொறைக்கறாங்க. நேத்து ஒக்காந்து நெனச்சுப் பாக்கறேன், அவுங்க எப்படி நடப்பாங்கன்னு, வரவே மாட்டேங்குது. மூஞ்சி வருது, சத்தம் வருது, நடை வரமாட்டேங்குது." நான் உடனே "வரும்ங் நங்கை, தானா வரும்ங்" என்றேன், தானாக வருவதற்கு அது என்ன தும்மலா, போனை வைத்தபிறகு என்னையே திட்டிக்கொண்டேன்.

நங்கையின் மகள் போனில் எடுத்த வீடியோவெல்லாம் இருக்கிறது, ஆனால் அதிலெல்லாம் அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறார். அதற்கு முன்னால் யாராவது போனைத் தூக்கினால் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அப்போதுதான் எங்கள் கலியாணக் கேசட்டு ஞாபகம் வந்தது, அதில் அண்ணன் இல்லாமலா இருப்பார், நான்தான் அட்டாலிப் பரணில் இருந்து எடுத்து, பூசணம் துடைத்து, மகனிடம் கொடுத்து, அவன் கோபியில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, இதோ சுண்டு விரல் அளவு பென்டிரைவில் என் கலியாணம் முழுக்க இருக்கிறது, மேளம், பந்தி, மாமியார், எல்லாம். மகன் பெங்களூருக்குப் போகும்போது டிவிக்குப் பின்னால் அதைச் சொருகிவிட்டு, "அம்மா, இனி நீங்க ராணி மாதிரி பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பார்த்தேன். ராணிக்கும் தலை இல்லை. யாருக்குமே இல்லை, நின்றால் தலை போகிறது, உட்கார்ந்தால் வருகிறது. என் வீட்டுக்காரர், இவர்தான் காரணம். இந்தப் பெரிய டிவி வந்த நாளில் பழைய படம் ஒன்று ஓடியது, இரண்டு பக்கமும் கறுப்பாகப் பட்டை நின்றது, "என்ன இது, இவ்வளவு பெரிய டிவிய வாங்கிப்போட்டு நடுவுல மட்டும் பாக்கறதுக்கு நாம என்ன ஏமாந்தவிங்களா" என்று எதையோ அமுக்கி முழுக்க நிரப்பிவிட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் மேலேயும் கீழேயும் ஆட்கள் வெட்டுப்பட்டுத்தான் வருகிறார்கள். செய்தி வாசிக்கிற பெண்ணுக்குக் கீழே ஓடுகிற எழுத்துக்கூடப் பாதிதான் வரும். மழை எச்சரிக்கை என்று வரும், எந்த ஜில்லாவுக்கு என்று தெரியாது, நான் எதற்கும் இருக்கட்டும் என்று துணியை எடுத்துப் போடுவேன்.

இப்போது இணைச்சீர் ஓடுகிறது. எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் தாலிக்கு முன்னால் நடக்கிற சீர், மாப்பிள்ளையும் அவர் கூடப்பிறந்தவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கொசுவிய சேலையின் ஒரு முனை அவர் கக்கத்தில், மறுமுனை அவள் கையில். நடுவில் நங்கை உட்கார்ந்திருக்கிறார், மூக்குத்தி மின்ன, கேமராவையே பார்த்துக்கொண்டு, என்ன அழகாக இருந்திருக்கிறார், நான் அன்றைக்கு இதையெல்லாம் எங்கே பார்த்தேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கால் கட்டைவிரலும் பாயின் கோடும்தான். இடது பக்க ஓரத்தில் ஒரு முழங்கை வருகிறது. வந்து போய்விட்டது. அது அண்ணன்தான், மடித்துவிட்ட வெள்ளைக் கை, கையில் சாவிக்கொத்து. இடது பக்கம்தான் நிற்கிறார், இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் பார்த்தால் தெரியும். நான் சோபாவை வலது பக்கம் தள்ளிப்போட்டுச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, சாய்ந்து பார்த்தேன். ஜன்னலில் அப்படித்தானே, இந்தப் பக்கம் தள்ளி நின்றால் அந்தப் பக்க ரோடு தெரியும். தெரியவில்லை. கழுத்துப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நல்லவேளை யாரும் பார்க்கவில்லை, இவர் பார்த்திருந்தால் சாகிறவரைக்கும் சொல்லிச் சிரிப்பார், விருந்தாளிகள் முன்னால், காப்பி கொடுக்கும்போதெல்லாம். சோபாவை மறுபடி இழுத்துப் போட்டேன், கோடு கோடாகத் தரையில் விழுந்துவிட்டது, அதற்கு மேல் மிதியடியைப் போட்டு மறைத்தேன். குக்கர் விசில் அடித்தது. வெயிட் போட்டிருக்கிறேன், சரி, ஒரு கவலை போனது.

அண்ணன் ஏன் ஓரத்திலேயே நிற்கிறார் என்றால் உக்கிராணச் சாவி அவரிடம் இருந்தது. இந்தப் பக்கம் கலியாணம் என்றால் அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் எல்லாம் அடுக்கிப் பூட்டிய அறைக்குச் சாவி வீட்டுப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளையிடம்தான் இருக்கும், அவர் நம்பிக்கையான ஆள், வெளி ஆளும் இல்லை, பங்காளியும் இல்லை. அவ்வளவு மரியாதை, ஆனால் சாவி வாங்கினவர் ஒரு சீரையும் முழுசாகப் பார்க்கமுடியாது. சமையல்காரர் "ஏனுங், நெய்யி" என்பார், ஓட வேண்டும். வந்து நிற்பார், மறுபடி "ஏனுங், வெத்தலை". கேமராக்காரர் நடுவில் இருப்பவர்களைத்தான் எடுப்பார், அது அவர் தொழில். அதனால் என் கலியாணம் முழுக்க அண்ணன் ஒரு முழங்கையாக, ஒரு தோளாக, ஒரு வேட்டிக் கரையாக வந்து வந்து போகிறார். முகமும் காலும் சேர்ந்து ஒரு இடத்திலும் இல்லை. நங்கை எவ்வளவு தூரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார், முழங்கையைப் பார்க்கவா? நான்தான் அவசரப்பட்டேன், "வாங்க நங்கை, அண்ணன் நல்லா வந்திருக்கறாங்க, நடக்கறாங்க, பேசறாங்க" என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அடித்துவிட்டேன், எனக்கு எப்போதும் அப்படித்தான், ஒருத்தர் அழுதால் வாயில் வந்ததைச் சொல்லி நிறுத்தப் பார்ப்பேன். இவர் டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எவ்வளவு நேரம் ஆகிறது? பஸ் தாமதமாகட்டும் சாமி, ரொம்ப வேண்டாம், நங்கைக்குச் சர்க்கரை இருக்கிறது, வயிறு காயக் கூடாது, கொஞ்சமாகத் தாமதமாகட்டும்.

ரிமோட்டில் கை வைக்கவே எனக்குப் பயம். ஒரு தரம் சத்தம் கூட்டுகிறேன் என்று எதையோ அமுக்கி எழுத்தெல்லாம் அரபியோ என்னவோ ஆகிவிட்டது, வலமிருந்து இடமாக ஓடியது, கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டு "அக்கா, துபாய்க்கே போய்ட்டீங்களா" என்று கேட்டார், அதன்பிறகு இவர் ரிமோட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வைத்தார். நான் எட்டாவதோடு நின்றவள். தம்பி பிறந்தான், அம்மாவுக்குக் கை வேண்டியிருந்தது, பரீட்சைக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன், இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பேன், கூட்டி முடிப்பதற்குள் டிவியில் எழுத்து மறைந்துவிடும், அதற்குப் பொறுமை கிடையாது. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். ஒவ்வொன்றாக அமுக்குவது, ஆனது பிடிக்கவில்லை என்றால் திரும்பும் அம்பை அமுக்கி வந்துவிடுவது, புதுத் தெருவுக்குள் போகிறவள் வழியைப் பார்த்து வைத்துக்கொள்கிற மாதிரி. பி, ஐ, சி. பிக்சர். உள்ளே போனேன். எஸ், ஐ, இசட், இ. சைஸ், அது ஜாக்கெட் துணிக் கடையில் பார்த்த எழுத்து. உள்ளே நாலு, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி, மூன்று என்று இருந்தது. இருக்கிறதே இரண்டு மூன்று எழுத்து, என்ன ஆகிவிடப் போகிறது, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். திறந்தால் எல்லாருக்கும் தலை. மாமியாருக்குத் தலை, மேளக்காரருக்குத் தலை, எனக்கு இரண்டு பக்கமும் கனகாம்பரம் தொங்கத் தொங்கத் தலை, நான் சத்தமாகவே "அடி ஆத்தா" என்றேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நின்றது, நிற்கட்டும். இணைச்சீருக்குப் போனேன். அண்ணன் வந்தார். தலையோடு வந்தார். பாதி மூக்கோடு வந்தார். இடது பக்கம் இன்னும் வெட்டுப்பட்டுத்தான் இருக்கிறது, பக்கத்தில் இவ்வளவு கறுப்பு இடம் சும்மா கிடக்கிறதே, அதில் கொஞ்சம் தள்ளி நின்றால் என்ன, எனக்கு அழுகையே வந்தது. இவ்வளவு தூரம் வந்து பாதி மூக்கில் நிற்கிறேன். பென்டிரைவில் மீதி மூக்கு இல்லையோ? ஸ்டுடியோவில் வெட்டிவிட்டார்களோ? கேசட்டிலேயே இல்லையோ? இல்லை என்றால் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் பரவாயில்லை, நங்கையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ரசத்தை ஊற்றலாம்.

ஸ்டுடியோ உறையில் நம்பர் இருந்தது. போனை எடுத்தவர் பேர் பூபதியாம், பின்னால் யாருக்கோ பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டே பேசினார். "சொல்லுங்கக்கா. தாடைய கொஞ்சம் கீழ எறக்குங்க. உங்கள இல்லீங்கக்கா." நான் முழுக்கதையையும் சொன்னேன், ஆடி மாதத்திலிருந்து, சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அவர் கேட்டார், முழுசும் கேட்டார், நடுவில் ஒரு தரம் "அய்யோ பாவம்" என்றார், அது எனக்கா அண்ணனுக்கா போட்டோவுக்கு உட்கார்ந்திருப்பவருக்கா தெரியவில்லை. "அக்கா, நாங்க ஒண்ணும் வெட்டல. கேசட்டுல உள்ளது உள்ளபடி ஏத்தியிருக்குது. உங்க டிவி ஓரத்தத் திங்குது." "திங்குதா?" "ஆமாங்க, டிவிங்க எல்லாம் நாலா பக்கமும் கொஞ்சம் தின்னுபோடும். அந்தக் காலத்துல படத்தோட ஓரத்துல கோடு கோடா நெளியும், அது தெரியக்கூடாதுன்னு படத்தக் கொஞ்சம் பெருசாக்கி ஓரத்த வெளிய தள்ளிப்போடுவாங்க. அந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்ல. பிக்சருக்குள்ள ஓவர்ஸ்கேன்னு ஒண்ணு இருக்கும், அத ஆஃப் பண்ணுங்க. கீழ ஒரு கோடு நெளியும், கண்டுக்காதீங்க." போனை வைத்துவிட்டேன், நன்றி சொன்னேனா? சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டுச் சொல்லலாமா, அவர் வேலையாக இருக்கிறார், மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படியானால் இத்தனை வருஷமும் எங்கள் பழைய டிவியும் தின்றிருக்கிறது. கலியாணம் ஆன புதிதில் கேசட்டு டெக்கை வாடகைக்கு எடுத்து ஊரையே கூட்டி வைத்துப் பார்த்தோம், அன்றைக்கும் அண்ணன் முழங்கையாகத்தான் வந்திருப்பார், யாரும் கேட்கவில்லை, அவர் பக்கத்திலேயே நின்று எல்லாருக்கும் முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தார், முழுசாக ஆள் நிற்கும்போது படத்தில் யார் தேடுகிறார்கள். நானும் ஓரத்து ஆள்தான், எந்தப் போட்டோவிலும் பாத்திரத்தோடு பாதி வெளியே நிற்பேன், என்னை எத்தனை டிவி தின்றிருக்குமோ. சரி, அதை இப்போது நினைக்க நேரமில்லை. ஓ. வி. இ. ஆர். கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒரு தரம் வருகிற எழுத்து, இவர் புண்ணியத்தில் தெரியும். அதற்குப் பக்கத்தில் ஓ, என். அம்பை அமுக்கினேன். ஓ, எஃப், எஃப்.

படம் ஒரு மூச்சு இழுத்த மாதிரி உள்ளே சுருங்கியது. கீழே கோடு நெளிந்தது, மண்புழு மாதிரி, நெளியட்டும். இடது பக்கத்தில் ஒரு தூண் வந்தது, தூணில் கட்டிய வாழை மரம், அதற்குப் பக்கத்தில், நெற்றியில் வியர்வையோடு, மீசையோடு, இரண்டு காதோடும் மூக்கோடும் அண்ணன். நான் எழுந்து நின்றுவிட்டேன், அவர் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி. நடக்கிறார். ஒரு கையில் வேட்டி நுனி, ஒரு கையில் சாவிக்கொத்து, உடம்பு முன்னால் சாய்ந்து, யாரோ கூப்பிட்டதற்கு ஏற்கெனவே பாதி வழி போய்விட்டவர் மாதிரி, கால் பின்னால் வருகிறது. ஆமாம், இதுதான், இப்படித்தான் நடப்பார், எனக்கும் மறந்துதான் போயிருந்தது. பந்தியில் ஓடுகிறார், படியில் ஒரு குழந்தையைத் தூக்கி இறக்கிவிட்டு ஓடுகிறார், மேளக்காரருக்கு சோடா கொடுத்துவிட்டு ஓடுகிறார், ஓரம் முழுக்க அண்ணன். மறுபடி இணைச்சீர். நடுவில் நங்கைக்கு முடி பறக்க ஆரம்பிக்கிறது, அந்த இடத்தில் அவர் கொஞ்சம் சிரிப்பார், பழைய நாளிலும் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் பார்த்தால் அண்ணன் பெரிய ஸ்டாண்டு ஃபேனின் கழுத்தைப் பிடித்து நங்கை பக்கம் திருப்பிவிட்டு, சரியாக முகத்தில் படுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, போகிறார். வாசலில் வண்டிச் சத்தம். படத்தை நிறுத்தி வைத்தேன், முகம் கழுவினேனா, சேலை ஈரம், ரசம் கொதிக்கிறது, வந்துவிட்டார்கள்.

"வாங்க நங்கை, வாங்க, பஸ்ஸில சீட்டு கெடச்சுதுங்களா?" "கெடச்சுது, கெடச்சுது. என்ன சுலோ இது, மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குது, மலையா ஏறுன?" இளைத்திருந்தார். காலைக் கழுவிவிட்டு வந்து, தண்ணீர்கூட வாங்காமல் டிவிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார், பஸ்ஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தவர் கட்டிலைப் பார்ப்பதுபோல டிவியைப் பார்த்தார். நான் அமுக்கினேன். அண்ணன் வந்தார். நங்கை ஒன்றும் சொல்லவில்லை. நான் பயந்தது அதுதான், ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அண்ணன் போகிற பக்கமெல்லாம் தலை மட்டும் கொஞ்சம் திரும்புகிறது. சரியாக இல்லையோ, காட்டியிருக்கக் கூடாதோ, பிரஷர் மாத்திரை போட்டாரோ. ஃபேன் வந்தது. முடி பறந்தது. "அவுங்கதானா?" என்றார். "நான் அன்னைக்கு ஜன்னல் காத்துன்னு நெனச்சேன் சுலோ. சாமி காத்து அனுப்பிச்சுதுன்னு எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கறேன். பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க, ஒரு வார்த்த சொல்லல பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மறுக்கா போடு." நான் மறுக்கா போடுவதற்குள் இவர் வந்து நின்றார், வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு, டிவியை மேலும் கீழும் பார்த்தார். "இதென்ன ரெண்டு பக்கமும் கருப்படிச்சுக் கெடக்குது? யாரு இதுல கை வெச்சது? அக்கா இவ்வளவு தூரம் வந்திருக்குது, பெருசா பாக்க வேண்டாமா?" என்று ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கி எதையோ அமுக்கினார். "ஏனுங்க வேண்டாம்ங்க!" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். தலை போய்விடும், பாதி மூக்கு ஆகிவிடும், நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தேன். தலை போகவில்லை, ஓரம் போகவில்லை, இது வேறு எதுவோ. கறுப்புப் பட்டை இரண்டும் மறைந்து, படம் சப்பாத்தி மாவு மாதிரி இரண்டு பக்கமும் இழுபட்டு, எல்லாரும் குண்டாகிவிட்டார்கள். மாமியார் குண்டு, மேளம் உருளி மாதிரி, நான் இரண்டு ஆள். அண்ணன் வருகிறார், ஈர்க்குச்சி மாதிரி இருந்த அண்ணன், தோள் இவ்வளவு அகலமாக, கன்னம் உப்பி, தொப்பை வைத்து, ஜமீன்தார் மாதிரி அசைந்து அசைந்து நடக்கிறார். நடை கெட்டுப்போய்விட்டது, நான் காலையிலிருந்து கொண்டுவந்த நடை. "குடுங்க இங்க" என்று ரிமோட்டுக்குக் கை நீட்டினேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது, நங்கை அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன், சிரிக்கிறார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, ஆடிக்கு அப்புறம் நான் கேட்காத சிரிப்பு. "டேய் குழந்தவேலு, மாத்தாதடா," என்றார் இவரிடம், மூச்சு வாங்கிக்கொண்டு. "கட்டுன நாள்லேர்ந்து நெய்யும் முட்டையுமா ஊட்டிப் பாத்தேன், ஒடம்பு புடிக்கவே இல்ல. எங்க மாமியா சாகற வரைக்கும் எம்பையனுக்கு இவ சோறு போடறதில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா. இப்பத்தான் புடிச்சிருக்குது. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும், கண்ணு நெறையுது." "ஒல்லியா நடக்கறது நல்லா வரும்ங் நங்கை, நெசமான நடை" என்றேன், விடமுடியவில்லை எனக்கு. "அதத்தான் பாத்துட்டனே. அது வந்துருச்சு, இனிப் போகாது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், "இது அதுக்கு மேல." இவர் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்கிற மாதிரி மீசையைத் தடவினார், தடவட்டும், பிறகு கவனித்துக்கொள்கிறேன். படத்தில் யாரோ அண்ணனைக் கூப்பிட்டார்கள், நெய்யோ வெற்றிலையோ, அந்தக் குண்டு அண்ணன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு டிவியின் கடைசி ஓரம் வரைக்கும் நடந்து, வெளியே போய்விட்டார். வாழை மரம் மட்டும் நின்றது. இந்த இடத்தில் நங்கை என்ன செய்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சாய்ந்து உட்கார்ந்து, காலை மேலே மடக்கி வைத்துக்கொண்டார். "உக்கிராணத்துக்குத்தான் போயிருப்பாங்க, இப்ப வந்துருவாங்க" என்றார். "அதுக்குள்ள ஒரு வாய் காப்பி வெய்யி சுலோ, சக்கரை போடாத."